ஆன்லைன் தெரபி எடுக்கப் போறீங்களா? ஸ்க்ரீன்ல தெரியாதத வாயத் தொறந்து சொல்லுங்க

வேலை போயிடுச்சு, கல்யாணம் முறிஞ்சிடுச்சு, அம்மாவோ அப்பாவோ தவறிட்டாங்க, புது ஊருக்கு மாறி பேச ஒரு ஆள் இல்ல, குழந்தை பொறந்து சந்தோஷமா இருக்க வேண்டிய நேரத்துல காரணமே இல்லாம அழுகையா வருது, இப்படி ஏதோ ஒண்ணு நடந்து சரி ஒரு ஆன்லைன் தெரபிஸ்ட்கிட்ட பேசித்தான் பாப்போமேன்னு முடிவு பண்ணியிருக்கீங்கன்னா இது உங்களுக்காகத்தான். தெரபி தேவையா இல்லையாங்கற விவாதத்துக்குள்ள நான் போகல. ஆரம்பிச்சதுக்கு அப்புறம் போடுற காசும் நேரமும் வீணாகாம அத எப்படி பயன்படுத்திக்கிறதுன்னு மட்டும் சொல்றேன். இதுல ஒரு விஷயத்த கெட்டியா புடிச்சுக்கிட்டா மத்தது தானா வரும். நேர்ல போய் உக்காந்தீங்கன்னா நீங்க உள்ள வர்ற நடை, கால் ஆடுறது, கைவிரல முறுக்கிக்கிட்டே இருக்கறது, போன மாசத்த விட இளைச்சுப் போயிருக்கறது எல்லாமே அவங்க கண்ணுல படும். வீடியோ கால்ல அவங்களுக்கு தெரியறது உங்க முகமும் தோளும் அவ்வளவுதான். மீதிய நீங்கதான் சொல்லியாகணும், கேக்கட்டும் சொல்லலாம்னு காத்திருந்தா அது வெளிய வராமலேயே போயிடும்.

முதல்ல, "என் பிரச்சனை இதுக்கெல்லாம் தகுதியானதா"ன்னு யோசிக்கிறவங்களுக்கு ஒண்ணு. ஹோம்ஸ், ராஹேன்னு ரெண்டு மனநல டாக்டருங்க 1967ல ஒரு பட்டியல் போட்டாங்க, வாழ்க்கையில வர்ற 43 மாற்றங்களுக்கு அது ஒவ்வொண்ணும் மனுஷன எவ்வளவு அலைக்கழிக்கும்னு ஒரு மார்க். கணவனோ மனைவியோ இறந்தா 100, விவாகரத்து 73, வேலைய விட்டு தூக்குனா 47. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா கல்யாணத்துக்கு 50, அதாவது வேலை போறத விட ஜாஸ்தி, ரிட்டயர்மென்ட்டுக்கு 45, கர்ப்பத்துக்கு 40. நல்ல மாற்றமும் ஒரு மனுஷன ஆட்டும்னு அப்பவே எழுதி வச்சிருக்காங்க, அதனால நல்லதுதானே நடந்திருக்கு நான் ஏன் இப்படி இருக்கேன்னு தயவுசெஞ்சு உங்கள நீங்களே திட்டிக்காதீங்க. மனநலப் பிரச்சனைகள வகைப்படுத்த டாக்டருங்க பயன்படுத்துற டிஎஸ்எம்-5 கையேட்டுலயே இதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு, ஒரு சம்பவம் நடந்து 3 மாசத்துக்குள்ள மனசு தாங்க முடியாம தடுமாறி வேலையும் உறவும் பாதிக்கிற நிலைமை, பொதுவா அந்த காரணம் விலகினதுக்கு அப்புறம் 6 மாசத்துக்குள்ள அடங்கிடும். அந்த நேரத்துல கூட இருந்து கை கொடுக்கத்தான் தெரபி.

யாரைத் தேர்ந்தெடுக்கறதுங்கறதுல நெறைய பேர் குழம்புறாங்க. சைக்கியாட்ரிஸ்ட்ங்கறவங்க மருத்துவம் படிச்ச டாக்டர், மருந்து எழுதுவாங்க. சைக்காலஜிஸ்ட், கவுன்சிலர் எல்லாம் பேசி வேலை செய்யறவங்க, படிப்பும் பயிற்சியும் ஆளுக்கு ஆள் மாறும். கோச்னு போட்டுக்கறதுக்கு பெரும்பாலும் எந்த லைசென்ஸும் தேவையில்ல, அதனால போட்டோ நல்லா இருக்கு, ஃபாலோயர்ஸ் அதிகம்னு பாத்து போகாதீங்க, எங்க பதிவு பண்ணியிருக்காங்க, பதிவு நம்பர் என்னன்னு நேராவே கேளுங்க, ஒழுங்கான ஆள் இதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க. இன்னொண்ணு, பல நாடுகள்ல தெரபிஸ்ட் எங்க இருக்காங்கங்கறத விட நீங்க எங்க உக்காந்து பேசுறீங்கங்கறதத்தான் சட்டம் பாக்கும், அந்த இடத்துல அவங்களுக்கு லைசென்ஸ் இருக்கணும். ஊர் மாறப் போறீங்க, படிக்க வெளிநாடு போறீங்கன்னா இத முன்கூட்டியே கேட்டு வச்சுக்கங்க, இல்லன்னா சரியா உங்களுக்கு அவங்க ரொம்பத் தேவைப்படுற நேரத்துல தொடர முடியாதுன்னு சொல்லிடுவாங்க. மொழியும் முக்கியம், நீங்க எந்த மொழியில சண்ட போடுவீங்களோ எந்த மொழியில அழுவீங்களோ அந்த மொழி புரியற ஆள் கிடைச்சா ரொம்ப நல்லது.

பலபேர் செஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன அறிமுக கால் தருவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் அனுப்பிடுங்க, பெருசா எழுத வேண்டாம், இந்த மாதிரி போதும்: "எனக்கு 34 வயசு. ரெண்டு மாசம் முன்னாடி வேலை போச்சு. வீட்ல இன்னும் முழுசா சொல்லல. நைட் 3 மணிக்கு முழிப்பு வந்துட்டா திரும்ப தூக்கம் வரல. யாராவது போன் பண்ணா எடுக்கப் பிடிக்கல. வேற மருந்து எதுவும் சாப்பிடல. இந்த மாதிரி ஆளுங்க கூட நீங்க வேலை செஞ்சிருக்கீங்களா, எப்படி செய்வீங்க?" அவ்வளவுதான். இதுல என்ன நடந்துச்சு, உடம்புல என்ன மாறுச்சு, என்ன கேக்கறீங்க மூணும் இருக்கு. அவங்க பதில் எப்படி வருதுன்னு பாருங்க, ஒரு வாரத்துல சரி பண்ணிடலாம்னு வாக்குறுதி கொடுத்தா விலகிடுங்க, இந்த இந்த மாதிரி வேலை செய்வேன், சில வாரம் கழிச்சு ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்னு சொன்னா அது நம்பிக்கையான பதில்.

ரகசியம் பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்லணும், ஏன்னா ஆன்லைன்ல இதுதான் பெரிய கவலை, கவலப்பட காரணமும் இருக்கு. 2020ல ஃபின்லாந்துல வாஸ்தாமோன்னு ஒரு தெரபி நிறுவனத்தோட சர்வர்லேருந்து திருடப்பட்ட நோயாளிகளோட தெரபி குறிப்புகள வச்சு, ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா மெயில் அனுப்பி காசு கேட்டு மிரட்டினாங்க. 2023ல அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்ப பாக்கற அரசு அமைப்பான எஃப்டிசி, பெட்டர்ஹெல்ப்ங்கற ஆன்லைன் தெரபி நிறுவனம் ஆளுங்களோட தகவல்கள ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் மாதிரி கம்பெனிகளுக்கு விளம்பரத்துக்காக கொடுத்துச்சுன்னு சொல்லி 78 லட்சம் டாலர் கட்ட வச்சுது. இதுக்காக பயந்து ஓட வேண்டாம், ஆனா கேள்வி கேளுங்க. செஷன் ரெக்கார்ட் ஆகுதா, குறிப்பு எங்க சேமிக்கறீங்க, எவ்வளவு வருஷம் வச்சிருப்பீங்க, வேற யாரு பாப்பாங்க, எந்த சூழ்நிலையில ரகசியத்த உடைப்பீங்க. கடைசி கேள்விக்கு கட்டாயம் ஒரு பதில் இருக்கும், பொதுவா உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, குழந்தைக்கு கொடுமை நடக்குதுன்னா, கோர்ட் கேட்டா. இத முதல் நாளே தெளிவா சொல்ற தெரபிஸ்ட்டத்தான் நான் நம்புவேன். உங்க பக்கத்துல செய்ய வேண்டியது, ஆபீஸ் லேப்டாப்லயோ ஆபீஸ் மெயில்லயோ இத வச்சுக்காதீங்க, வீட்ல எல்லாரும் பாக்கற காலண்டர்ல போடாதீங்க, போன்ல மெசேஜ் மேல தெரியற மாதிரி நோட்டிஃபிகேஷன் வச்சிருந்தா மாத்திடுங்க.

கூட இருக்கறவங்களாலயே உங்களுக்கு ஆபத்துன்னா, அடி, மிரட்டல், போன எடுத்து நோண்டறது இப்படி இருந்தா, அத முதல் வேலையா தெரபிஸ்ட்கிட்ட சொல்லிடுங்க, எந்த நேரத்துல மெசேஜ் பண்ணா பாதுகாப்பு, எந்த நேரத்துல பண்ணவே கூடாதுன்னு சேர்த்து பேசி முடிவு பண்ணுங்க.

இடம். தனி ரூம் இல்லையேன்னு நெறைய பேர் தள்ளிப் போடுறாங்க. கதவு பக்கத்துல ஃபேன ஓட விட்டா, இல்ல வெளிய ஏதாவது பாட்டு மெதுவா ஓடவிட்டா உள்ள பேசுறது தெளிவா கேக்காது. ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டா அவங்க பேசுறது வெளிய போகாது, பாதி ரகசியம் அதுலயே காப்பாத்தப்படுது. நிறுத்தி வச்ச கார்ல உக்காந்து பேசுறவங்க நெறைய பேரு, அதுல தப்பே இல்ல, வண்டி ஓட்டிக்கிட்டே மட்டும் பேசாதீங்க, பெரும்பாலான தெரபிஸ்ட் செஷன நிறுத்திடுவாங்க, அது உங்க நல்லதுக்குத்தான். யாராவது உள்ள வந்துட்டா என்ன பண்றதுன்னு முன்னாடியே ஒரு வார்த்தை பேசி வச்சுக்கங்க, "அந்த ரிப்போர்ட் நாளைக்கு அனுப்பறேன்"னு நீங்க சொன்னா ஆள் வந்துட்டாங்கன்னு அவங்க புரிஞ்சுக்கிட்டு பேச்ச மாத்திடணும். முழு சுதந்திரமா பேச முடியாத நாள்னா அதையும் ஆரம்பத்துலயே சொல்லுங்க, "இன்னைக்கு பக்கத்து ரூம்ல ஆள் இருக்காங்க, அந்த விஷயத்த பேச முடியாது"ன்னு. இல்லன்னா நீங்க ஏன் இன்னைக்கு ஒட்டாமலே பேசுறீங்கன்னு அவங்க வேற காரணம் தேடிக்கிட்டு இருப்பாங்க.

கேமரா கண் மட்டத்துல இருக்கட்டும், போன கையில புடிக்காம எங்கயாவது சாய்ச்சு வைங்க. உங்க முகம் உங்களுக்கே தெரியற அந்த சின்ன பெட்டிய மறைச்சிடுங்க, இது சின்ன விஷயம் மாதிரி தோணும் ஆனா ரொம்ப உதவும். அழும்போது தன் முகத்தையே பாத்தா யாருக்குமே உள்ள இழுத்துக்கத்தான் தோணும். ஸ்டான்ஃபோர்ட்ல ஜெரமி பெய்லன்சன்ங்கறவர் 2021ல வீடியோ கால்ல ஏன் இவ்வளவு களைப்பு வருதுன்னு எழுதினப்போ சொன்ன காரணங்கள்ல இதுவும் ஒண்ணு, நாள் முழுக்க கண்ணாடிய பாத்துக்கிட்டே இருக்கற மாதிரின்னு. லைன் கட் ஆனா யாரு யாருக்கு கூப்பிடறது, எந்த நம்பர்லன்னு முதல் நாளே பேசிடுங்க. அழுதுக்கிட்டு இருக்கும்போது நெட் போய் தனியா நிக்கறது கொடுமையான அனுபவம், முன்னாடியே பேசி வச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல போன் வரும்.

ஒவ்வொரு செஷன்லயும் "இப்ப எங்க இருக்கீங்க"ன்னு கேப்பாங்க. சந்தேகப்பட்டு கேக்கல, ஏதாவது அவசரம்னா உதவிய எங்க அனுப்பறதுன்னு தெரியணும் அதுக்குத்தான், அதோட அவசரத்துக்கு கூப்பிட ஒரு ஆளோட நம்பரும் கேப்பாங்க, கொடுத்து வைங்க. இங்க ஒண்ணு அழுத்தமா சொல்றேன். உயிர விட்டுடலாம்னு தோணுது, அதுக்கு வழி யோசிக்க ஆரம்பிச்சிட்டீங்கன்னா அடுத்த வாரம் செஷன் இருக்கேன்னு காத்திருக்காதீங்க. உடனே பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரியோட எமர்ஜென்சிக்கு போங்க, இல்ல உங்க நாட்டுல இருக்கற தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைனுக்கு கூப்பிடுங்க, ஒருத்தர கூட இருக்க சொல்லுங்க. வாரம் ஒரு வீடியோ கால் அந்த நேரத்துக்கு போதாது. அந்த நம்பர இப்பவே, நல்லா இருக்கும்போதே, போன்ல போட்டு வைங்க.

முதல் ரெண்டு மூணு செஷன்ல சில ஃபார்ம் கொடுப்பாங்க. மனச்சோர்வு எவ்வளவு இருக்குன்னு பாக்க பிஎச்க்யூ-9ன்னு ஒண்ணு, போன 2 வாரத்துல எத்தன நாள் தூக்கம் கெட்டுது, எத்தன நாள் எதுலயும் ஆர்வம் இல்லாம இருந்துச்சுன்னு 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேருந்து 3 வரைக்கும், மொத்தம் 27. 10ஓ அதுக்கு மேலயோ வந்தா பொதுவா கொஞ்சம் கவனமா பாப்பாங்க. கடைசி கேள்வி சாவப் பத்தின எண்ணத்த கேக்கும். அங்கதான் நெறைய பேர் நல்ல பிள்ளையா காட்டிக்க 0 போட்டுடறாங்க, பாவம் தெரபிஸ்ட் பயந்துடுவாங்களோ, போலீஸ கூப்பிட்டுடுவாங்களோன்னு. எண்ணம் வர்றதுக்கும் திட்டம் போடுறதுக்கும் உள்ள வித்தியாசம் தெரபிஸ்ட்டுக்கு தெரியும், அதப் பத்தி பேசறது அவங்க தினசரி வேலை, அதனால உண்மையான நம்பரையே போடுங்க. அதே மாதிரி குடிக்கிறது, மருந்து, எடை குறைஞ்சது, உடம்புல காயம், இதெல்லாம் ஸ்க்ரீன்ல வாசனையாவும் வராது, கண்ணுலயும் படாது. சோர்வும் மந்தமும் ரொம்ப நாளா இருந்தா ஒரு டாக்டர்கிட்டயும் காட்டுங்க, தைராய்டு குறைஞ்சாலும் மனச்சோர்வு மாதிரியேதான் இருக்கும், அது பேசி தீராது.

எட்வர்ட் போர்டின்னு ஒருத்தர் 1979ல எழுதினது இன்னைக்கும் தெரபிஸ்ட்டுங்க நடுவுல பேசப்படுது. தெரபிஸ்ட்டுக்கும் உங்களுக்கும் நடுவுல மூணு விஷயம் பொருந்தணும்னாரு: எங்க போகப் போறோம்ங்கற குறிக்கோள், அதுக்கு என்ன செய்யப் போறோம், அப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற பிணைப்பு. அதனால குறிக்கோள கண்ணால பாக்கற மாதிரி வைங்க. சந்தோஷமா இருக்கணும்னு சொன்னா அத யாராலயும் அளக்க முடியாது. "ஃபிரெண்டு கூப்பிட்டா போன எடுக்கணும்", "பிரிஞ்சவரோட பேரக் கேட்டா நாள் முழுக்க படுக்காம இருக்கணும்", இந்த மாதிரி சொன்னா ரெண்டு மாசம் கழிச்சு ஆச்சா இல்லையான்னு பாக்கலாம்.

உள்ள என்ன நடக்கும்னு தெரியாதவங்களுக்காக ஒரு உதாரணம். மேல மெசேஜ் அனுப்பின அதே ஆள எடுத்துக்குவோம், வேலை போனவரு. நம்ம எண்ணத்தையும் அதனால நாம செய்யறதையும் சோதிச்சுப் பாக்கற சிபிடின்னு சொல்ற முறையில தெரபிஸ்ட் கேப்பாங்க, உங்க ஃபிரெண்டு போன் அடிச்சப்போ மனசுல என்ன ஓடுச்சு? "என்ன பண்ணிக்கிட்டு இருக்கேன்னு கேப்பான், சொன்னா கேவலமா நெனப்பான்." எவ்வளவு நம்புறீங்க? "90 சதவீதம்." உடம்புல எங்க தெரிஞ்சுது? "வயித்துல." இதுக்கு முன்னாடி அவனுக்கு வேலை போனப்போ நீங்க அவன கேவலமா நெனச்சீங்களா? ஒரு பெரிய அமைதி. "இல்ல, பணம் கொடுத்தேன்." சரி, இப்ப எவ்வளவு நம்புறீங்க? "60." 90 வந்து 60 ஆச்சு, 0 ஆகல, அதுவே அன்னைக்கு போதும். அடுத்த வாரத்துக்கு வேலை, அவனுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பி என்ன பதில் வருதுன்னு எழுதி வைக்கறது. கேட்டா ரொம்ப சாதாரணமா தெரியும், ஆனா அந்த ஒரு மெசேஜ்லதான் வாரம் முழுக்க நடக்கற வேலை இருக்கு. அந்த வேலைய செய்ய முடியலன்னா செஷன தள்ளிப் போடாதீங்க, செய்ய முடியலன்னு போய் சொல்லுங்க, எந்த இடத்துல கை நின்னுச்சுங்கறது அவங்களுக்கு தங்கம் மாதிரி தகவல்.

அதுல வந்த அந்த அமைதியப் பத்தி. நேர்ல அமைதி புரியும், வீடியோல நெட் நின்னுடுச்சான்னு சந்தேகம் வந்து ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சிடுவீங்க, வந்த அழுகை போயிடும். "யோசிக்கறேன், கொஞ்சம் இருங்க"ன்னு ஒரு வார்த்தை போதும். கை நடுங்குதா, "கை நடுங்குது"ன்னு சொல்லுங்க.

துக்கத்துல இருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு, இது என் மனசுக்கு ரொம்ப நெருக்கமானது. ஸ்ட்ரூபே, ஷூட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999ல சொன்னாங்க, துக்கப்படுறவங்க ரெண்டு பக்கமும் மாறி மாறி போய்ட்டு வருவாங்கன்னு, ஒரு நேரம் இழப்புலயே மூழ்கி அழுவாங்க, இன்னொரு நேரம் பில் கட்டறது, பிள்ளைங்க படிப்பு, சிரிக்கறதுன்னு இருப்பாங்க, ரெண்டுமே தேவைன்னு. அதனால செஷன்ல ஒரு நாள் அழாம வேலை விஷயமா மட்டும் பேசினா அது போனவங்கள மறந்துட்டதா ஆகாது. "போன வாரம் சிரிச்சேன், அப்புறம் குத்த உணர்ச்சியா இருந்துச்சு"ன்னு சொல்ல முடிஞ்சா சொல்லுங்க, நெறைய பேர் இதத்தான் மறைக்கறாங்க.

செஷன் பொதுவா 45லேருந்து 50 நிமிஷம். பெரும்பாலான ஆளுங்க உண்மையான விஷயத்த கடைசி 5 நிமிஷத்துலதான் எடுப்பாங்க, "ஆங், அப்புறம் ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், நேத்து டைவர்ஸ் நோட்டீஸ் வந்துச்சு." நேர்லன்னா கதவு வரைக்கும் வந்து ரெண்டு வார்த்தை பேசுவாங்க, இங்க பட்டன் அழுத்தினா முடிஞ்சுது. அதனால செஷனுக்கு 10 நிமிஷம் முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதுங்க, இந்த வாரம் ரொம்ப படுத்துனது எது, எத சொல்ல பயமா இருக்கு. ரெண்டாவத முதல்ல சொல்லுங்க. சொல்ல வாய் வரலன்னா சேட்ல டைப் பண்ணி அனுப்பிடுங்க, ஆன்லைன்ல இருக்கற நல்ல வசதி அது. முடிஞ்ச உடனே மீட்டிங்குக்கோ சமையலுக்கோ ஓடாதீங்க, ஒரு 15 நிமிஷம் எதுவும் வச்சுக்காம நடங்க, இல்ல சும்மா உக்காருங்க. நேர்ல போறவங்களுக்கு திரும்பி வர்ற வழி இருக்கு, உங்களுக்கு அது இல்ல, நீங்களாத்தான் உண்டாக்கிக்கணும்.

ஒத்துப் போகலன்னா? இதத்தான் யாரும் வாயத் தொறந்து சொல்றதில்ல, சத்தமில்லாம நின்னுடறாங்க. "நீங்க சீக்கிரம் தீர்வு சொல்றீங்க, முதல்ல நான் சொல்றத நீங்க கேக்கணும்." "போன தடவ நீங்க சொன்னது வலிச்சுது." "வீட்டுப்பாடம் ஜாஸ்தியா இருக்கு." இந்த மாதிரி ஒரு வரி போதும். நல்ல தெரபிஸ்ட் அதக் கேட்டு சண்டைக்கு வர மாட்டாங்க, என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க, அந்த சறுக்கல சேர்ந்து சரி பண்ணின இடத்துலேருந்துதான் பல பேருக்கு நம்பிக்கையே ஆரம்பிக்குது. சொல்லியும் மாறல, நாலஞ்சு செஷன் ஆச்சு, இன்னும் அந்நியமா இருக்குன்னா வேற ஆள் பாருங்க, அதுல துரோகம் எதுவும் இல்ல, அவங்களே வேற ஆள சொல்லவும் செய்வாங்க. ஆனா காத்திருக்கக் கூடாத சில விஷயம் இருக்கு. காதல், காமம் கலந்த பேச்சு, இன்னொரு கிளையன்ட் கதைய பேரோட சொல்றது, டாக்டர் கொடுத்த மருந்த நிறுத்த சொல்றது, தன் சொந்த கஷ்டத்தையே பேசிக்கிட்டு இருக்கறது, உங்க ஜாதியோ மதமோ நீங்க யாரை விரும்புறீங்கங்கறதையோ கேவலப்படுத்தறது. அன்னைக்கே நிறுத்துங்க, பதிவு பண்ற அமைப்பு இருந்தா புகார் கொடுங்க.

கொஞ்சம் தேறின உடனே நெறைய பேர் லிங்க் வந்தா சேராம விட்டுடறாங்க. அப்படி பண்ணாதீங்க, "எனக்கு இப்ப பரவால்ல, வாரம் ஒண்ணுங்கறத 2 வாரத்துக்கு ஒண்ணா மாத்தலாமா"ன்னு கேளுங்க, அப்புறம் மாசம் ஒண்ணு. கடைசி செஷன ஒண்ணு தனியா வச்சுக்கங்க. அதுல ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பக்கம் எழுதுங்க: எனக்கு திரும்ப கெட ஆரம்பிச்சா முதல்ல தெரியற அறிகுறி எது, போன் எடுக்காம விடுறதா, 3 மணி முழிப்பா, அப்ப நான் செய்யப் போற முதல் ரெண்டு வேலை என்ன, யாருக்கு சொல்லப் போறேன். அந்த பக்கத்த நீங்க வச்சுக்கங்க, வீட்ல நம்பற ஒருத்தர்கிட்ட ஒரு காப்பி கொடுங்க, ஏன்னா அறிகுறி உங்க கண்ணுக்கு முன்னாடி அவங்க கண்ணுக்குத்தான் தெரியும். திரும்ப வரணும்னா நேரா அந்த தெரபிஸ்ட்கிட்டயே வரலாமா, இல்ல புதுசா வரிசையில நிக்கணுமான்னும் அன்னைக்கே கேட்டு எழுதி வச்சுக்கங்க.